மாத்திரையா, சிறுநீரகமா? கால் வீக்கத்துக்கு மருந்துக்கடையில் விடை இல்லை

கேள்வி: என் கணவருக்கு வயது 56. எட்டு மாதங்களாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறார். அழுத்தம் இப்போது 128/80. ஆனால் மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. மருந்துக்கடையில் கொடுத்த நீர் மாத்திரையால் வீக்கம் வடியவில்லை. கெண்டைக்காலில் தசைப்பிடிப்புதான் வந்தது. “சிறுநீரகம் போய்விட்டது, மாத்திரையை நிறுத்து” என்கிறார் உறவினர் ஒருவர். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறு அல்ல, மாத்திரையின் பக்கவிளைவு. 10 மி.கி. சாப்பிடுபவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான்.

இதயம் தள்ளும் ரத்தம், மிகச் சிறிய தமனிகள் வழியாகத் திசுக்களுக்குள் போகிறது. இந்தச் சிறு தமனிகள் இறுகினால் அழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். அம்லோடிபின் அவற்றைத் தளர்த்துகிறது. ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலைப் பழையபடியே விட்டால் வயலில் நீர் தேங்கத்தானே செய்யும்? அப்படித்தான் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, பகலெல்லாம் நின்றவருக்குக் கணுக்காலில் இறங்கி நிற்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள், குழி விழும். இரவு படுத்து எழுந்தால் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

ஆக, உடம்பில் நீர் கூடிவிடவில்லை, இடம் மாறி நிற்கிறது. நீர் மாத்திரை பலிக்காததற்கு இதுவே காரணம்.

அந்த நீர் மாத்திரையின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அட்டையைக் கத்தரித்து, பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிட, நான்கு மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு ‘காலை 1’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது நீரோடு உப்புகளையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் தசை பிடித்துக்கொள்ளும். அடுத்து “கால் வலி” என்று அதே கடைக்குப் போனால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கிடைக்கும். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். உறவினர் சொன்ன ஆரூடம் அப்போது நிஜமாகவே பலித்துவிடும். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யார் போய்ச் சரிபார்க்கிறார்கள்?

மருத்துவர்களான எங்கள் தரப்பும் யோக்கியம் இல்லை. புறநோயாளி வரிசையில், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் பார்த்து, ‘அதையே தொடரவும்’ என்று எழுதி அனுப்புகிறோம். காலைக் குனிந்து பார்க்க ஆளில்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் கொண்டுவந்து கொடுப்பவர் மருந்தை மாற்ற முடியாதே!

மருத்துவர் முன் உட்கார்ந்து கேளுங்கள். அம்லோடிபினை 5 மி.கி. ஆகக் குறைக்கலாம், டெல்மிசார்ட்டன் போன்ற வேறு வகை ரத்த அழுத்த மருந்து ஒன்றைச் சேர்க்கலாம், அது சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் குறையும், அம்லோடிபின் வகையிலேயே வீக்கம் குறைவாகத் தரும் சில்னிடிபினுக்கு மாற்றவும் செய்யலாம். எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். 128/80 என்பது மாத்திரை தந்த எண். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய எண் திரும்பிவிடும், தலைவலிகூட இல்லாமல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கினால்தான் மேலே சொன்னதெல்லாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் மாத்திரையின் மேல் பழி போடாதீர்கள். அதுவும் கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சுட்டு, ஒரு காலைவிட மற்றது தடித்துத் தெரிந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, பல நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அந்த உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது, காலை வரை பொறுக்கவும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் அப்படியே, உடனே போக வேண்டும்.

சிறுநீரகச் சந்தேகம் தீர ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் புரதம், இந்த இரண்டில் தொடங்கினால் போதும். இலவச முகாம் என்று அழைத்து உட்காரவைத்து, எழுபது எண்பது பரிசோதனை கொண்ட ‘முழு உடல்’ பட்டியலை நீட்டுபவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அவர்களில் பலருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் கமிஷன்.