புரோட்டாவை விட்டேன், எடை கூடிவிட்டது!

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எடை குறையட்டும் என்று சாயங்கால புரோட்டா சால்னாவை அடியோடு நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வெஜ் சாண்ட்விச்சும் வாழைப்பழ ஸ்மூத்தியும். இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது! ஒன்பது மணிக்கு அம்மா தோசைக்கல்லைப் போட்டுக் காத்திருப்பார்கள். அதிலும் இரண்டு தோசைக்கு மேல் தொடுவதில்லை. சாண்ட்விச், ஸ்மூத்தி எல்லாம் டயட் சாப்பாடு இல்லையா? இரண்டையும் விட்டுவிடவா, அல்லது ராத்திரிக்கு ஸ்மூத்தி மட்டும் குடித்துக்கொள்ளவா?
(பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்)

பதில்: புரோட்டாவை விட்டது சின்ன விஷயமில்லை தங்கச்சி. நம்ம ஊரில் சாயங்காலம் கல்லில் புரோட்டாவை அடுக்கித் தட்டுகிற சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி ஸ்டேஷனுக்கு நடந்து போக எனக்கே வராது. அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் கூலி கிடைக்கவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதனால் பற்று எங்கே ஏறியது என்று வரிவரியாகவே பார்த்துவிடலாம்.

கடைகளில் போடும் கிரில் சாண்ட்விச்சில் பெரும்பாலும் மூன்று துண்டு பிரெட் இருக்கும். துண்டுக்கு 75 கலோரி என்று வைத்தால் 225. உள்ளேயும் வெளியேயும் தடவுகிற வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், அது 100. மயோனைஸ் இரண்டு டேபிள்ஸ்பூன், 180. ஒரு சீஸ் துண்டு 65. உருளைக்கிழங்கு மசாலா 80. வெள்ளரி, தக்காளி, குடமிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்ந்து 20. மொத்தம் 670. அந்த 20 கலோரி காய்தான் கண்ணுக்குப் பச்சைப்பசேலென்று தெரிகிறது, நாமும் டயட் என்று நம்பிவிடுகிறோம். மயோனைஸ் வெள்ளையாக, பாவமாகப் பிரெட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அடுத்து ஸ்மூத்தி. கொழுப்பு எடுக்காத பால் ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி., 175 கலோரி. வாழைப்பழம் இரண்டு, 180. சீனி நாலு டீஸ்பூன், 80. கெட்டியாக வருவதற்காக ஐஸ்கிரீம் ஒரு கரண்டி, 130. ஆக 565. இரண்டும் சேர்ந்து 1235! கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் ஆச்சரியம்தான்.

உங்கள் வயதுக்கும் எடைக்கும், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2000 கலோரி செலவாகும். வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைய வேண்டுமானால் 1500 பக்கம் நிற்க வேண்டும். அதில் 1235-ஐ ரயில் ஏறுமுன்பே செலவழித்துவிடுகிறீர்கள். காலை இட்லி, மதியச் சாப்பாடு, அம்மாவின் தோசை எல்லாம் அதற்கு மேலே. சால்னாவோடு இரண்டு புரோட்டா தின்றிருந்தால்கூட 700 பக்கத்தில் நின்றிருக்கும். புரோட்டாவுக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை, அவசரப்பட்டுவிடாதீர்கள்.

மயோனைஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. உடனே பல பேர், "முட்டை இல்லாததுதானே, அது ஒன்றும் செய்யாது" என்று இன்னொரு கரண்டி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தடைக்குக் காரணம் கிருமி. எடைக்குக் காரணம் எண்ணெய். முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான், எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதே சாண்ட்விச்சில் மயோனைஸுக்குப் பதில் புதினாச் சட்னி தடவச் சொல்லுங்கள். வெண்ணெயும் சீஸும் வேண்டாம், பிரெட் இரண்டு துண்டு போதும், உருளைக்கிழங்குக்குப் பதில் ஒரு அவித்த முட்டையை வில்லை போட்டு வைக்கச் சொல்லுங்கள். முட்டை ஆகாது என்றால் பனீர். எல்லாம் சேர்ந்து 250, 300-க்குள் முடியும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருப்பதால் பசியும் தாங்கும். இப்போது நீங்கள் தின்கிற சாண்ட்விச்சில் கலோரி அளவுக்குப் புரதம் இல்லை. அதனால்தான் ரயில் சேரன்மகாதேவி தாண்டுமுன்பே வயிறு கூப்பிடுகிறது.

கேட்பதற்குத்தான் சங்கடம், எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பழக்கடையில் சீனி இல்லாமல் சாத்துக்குடிச் சாறு கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சப்புன்னு இருக்கும்லாக்கா, லேசா ரெண்டு கரண்டி போட்டிருக்கேன்." அன்புக்கு என்ன பதில் சொல்வது! ஆனாலும் அடுத்த தடவை மிக்ஸி ஓடுமுன்பே பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நீங்களும் அப்படி நில்லுங்கள். நாலைந்து நாளில் அவர்களுக்கே உங்கள் கணக்கு மனப்பாடமாகிவிடும்.

பெரிய செயின் கடைகளுக்குப் போனால் இந்தத் தொந்தரவு கொஞ்சம் குறைவு. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது, 2022 முதல் அமலில் உள்ளது. விலையைப் பார்க்கிற மாதிரி அதையும் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம். உள்ளே ஊற்றுகிற சாஸ், கூடக் கேட்கிற சீஸ், காம்போ என்று கூடவே வருகிற குளிர்பானம் இதெல்லாம் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரவுன் பிரெட் என்றால் நிறத்தை நம்ப வேண்டாம். கவரில் சேர்மானப் பட்டியலின் முதல் பெயர் முழு கோதுமை மாவா, மைதாவா என்று பார்த்தால் போதும். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிக்க வேண்டும்.

சரி, ராத்திரிக்கு ஸ்மூத்தி மட்டும் போதுமா? கடை ஸ்மூத்தி என்றால் வேண்டாம். மென்று தின்கிற 500 கலோரியை வயிறு ஞாபகம் வைத்துக்கொள்ளும். குடிக்கிற 500 கலோரி அவ்வளவாக நிறைவு தராது. குடித்த கொஞ்ச நேரத்தில் தோசை வாசனை வந்தால் கை தானாக நீளும். சீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் நின்றால் நல்லது என்கிறது. நாலு டீஸ்பூன் ஒரே டம்ளரில் போய்விடுகிறது, காலைக் காபியை இன்னும் எண்ணவே இல்லை.

ஸ்மூத்தி ஆசை விடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் போடுங்கள், இட்லிக்குப் பதிலாக. ஆவின் நீல பாக்கெட் பால் 3 சதவீதக் கொழுப்புதான், ஆரஞ்சு பாக்கெட்டில் 6. நீலத்தில் முக்கால் டம்ளர், ஒரு கோழிக்கூடு வாழைப்பழம், தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி. சீனி வேண்டாம், பழம் நன்றாகக் கனிந்திருந்தால் அதன் இனிப்பே போதும். வடிகட்டாதீர்கள், நார் போய்விடும். 200, 250 கலோரிக்குள் ஒரு டிபன் முடிந்தது. ஊரில் யாராவது "கருப்பட்டி போட்டுக்கோ, அது ஏறாது" என்பார்கள். கருப்பட்டியும் எடைக் கணக்கில் சீனிக்கு அண்ணன் தம்பிதான். பதநீரும் இனிப்புத்தான், சீசனில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுங்கு தாராளமாகத் தின்னலாம், அதில் பெரும்பாலும் தண்ணீர்தான். ரயில் வருகிற வரை கையில் ஏதாவது குளிர்ச்சியாக இருந்தால் தேவலை என்றால் உப்புப் போட்ட நீர்மோர். வெயிலுக்கும் அதுதான் சரி.

ஆக, சாண்ட்விச்சை விட வேண்டாம். மேலே சொன்ன மாதிரி கேட்டு வாங்குங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஆனால் அன்றைக்கு அதுதான் உங்கள் ராத்திரிச் சாப்பாடு. மற்ற நாளில் சாயங்காலம் மோரோடும் ஒரு கொய்யாவோடும் ரயில் ஏறுங்கள், வீட்டில் தோசையைச் சாப்பிடுங்கள். ஞாயிறு காலை மட்டும் எடை பாருங்கள், தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. இப்படி ஆறு வாரம் இருந்தும் முள் அசையவில்லை, அல்லது மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால், ஒரு டாக்டரைப் பார்த்துத் தைராய்டும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைச் சமாளிப்பதுதான் இதில் கஷ்டம். "டயட்டும்மா" என்று சொன்னால் அன்றைக்குத்தான் நெய்த் தோசை வார்ப்பார்கள், "வெறும் வயித்தோட படுக்கப்பிடாது" என்பார்கள். சாண்ட்விச் நாளில் ரயில் ஏறுமுன் போன் போட்டு, "சாப்பிட்டுட்டேம்மா, மாவை எடுத்து வெளியே வைக்காதிய" என்று மட்டும் சொல்லுங்கள். கல் சூடாகுமுன் சொல்லிவிட வேண்டும், சூடான பிறகு சொன்னால் எடுபடாது.