யூரினில் சர்க்கரை, ரத்தத்தில் இல்லை: சிறுநீரகம் பற்றி வாசகர் கேள்வியும் பதிலும்

மருந்தும் ரசாயனமும் சிறுநீரகத்தைப் படுத்தும் பாடு பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறையில் சின்ன வயதிலிருந்து பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊதி நகையை ஒட்டுகிற வேலை. கே.டி.எம். என்கிற காட்மியப் பொடி இன்னமும் ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, யூரினில் மட்டும் சர்க்கரை வருகிறது. இடுப்பெலும்பில் வலி வேறு. வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கே.டி.எம். பற்றவைப்பில் 92 பங்கு தங்கத்துடன் சேரும் மீதி 8 பங்கு காட்மியம். அது 321 டிகிரி செல்சியஸில் உருகும், 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஊதுகிற தீயின் சூடு அதைவிட அதிகம் என்பதால், பொடி இளகும்போதே காட்மியத்தில் ஒரு பகுதி புகையாகக் கிளம்பி நேரே மூக்குக்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் காட்மியத்தில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். நுரையீரல் வழியாகப் போவது அப்படியில்லை, கணிசமாக உடம்பில் தங்கும். கடைசியில் சேருமிடம் சிறுநீரகம். அங்கே பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும்.

அது கெடுப்பது வடிகட்டியை அடுத்து வரும் நுண்குழாயை. வடிகட்டியில் இறங்கிய சர்க்கரை, பாஸ்பேட், சின்னப் புரதம் இவற்றையெல்லாம் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அந்தக் குழாயின் வேலை. அது பழுதானால் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் யூரினில் ஒழுகும். பாஸ்பேட்டும் கால்சியமும் ஒழுகினால் எலும்பு மெலியும், கல்லும் சேரும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியதும் இதே வழியில்தான். யூரினில் மட்டும் சர்க்கரை வர வேறு காரணங்களும் உண்டு: பிறவியிலேயே சிலருக்கு இருக்கும், டாபாகிளிப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டாலும் வரும். இரண்டையும் கேட்டு ஒதுக்கிவிட்டு மேலே போங்கள்.

பரிசோதனையில் ஒரு சிக்கல். லேபில் நனைத்துப் பார்க்கும் பட்டை ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் காட்டும். காட்மியத்தால் முதலில் ஒழுகுவது அதைவிடச் சின்னப் புரதம், அது பட்டையில் தெரியாது. "புரதம் இல்லை" என்று ரிப்போர்ட் வந்ததை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தச் சின்னப் புரதங்களில் ஒன்றான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், யூரின் காட்மியம் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். யூரினில் 1 கிராம் கிரியாட்டினினுக்கு (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) காட்மியம் 3 மைக்ரோகிராமையோ, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 300 மைக்ரோகிராமையோ தாண்டினால் அந்த வேலையை அவர் தொடர்வது பற்றி யோசித்தே ஆகவேண்டும். புளிப்பு அதிகமான யூரினில் இந்த பீட்டா-2 சிதைந்து குறைவாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் ரெட்டினால் பைண்டிங் புரோட்டீன் என்ற இன்னொரு சின்னப் புரதத்தைப் பார்க்கலாம்.

உடம்பிலிருந்து காட்மியத்தை எடுத்துவிடுகிறேன் என்று ஊசி போட யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாள்பட்ட காட்மியத்துக்கு அதனால் பலன் இல்லை, ஊசி மருந்தோடு கட்டிக்கொண்டு வெளியேறும் உலோகம் சிறுநீரகத்தையே மேலும் வதைக்கக்கூடும். செய்யவேண்டியது உள்ளே போவதை நிறுத்துவது. துத்தநாகம், இண்டியம் கலந்த காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஓடும் மின்விசிறி புகையை அறை முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான். புகையை உறிஞ்சும் குழாயின் வாய் தீயிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஊதுகிறவர் மூக்குக்கு எதிர்ப்புறம் இருக்கவேண்டும். துணி மாஸ்க்கால் பயனில்லை. மேசையிலேயே டீ, வடை சாப்பிடும் பழக்கத்தை விடவேண்டும். தூசியை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பீடி, சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு. வீட்டு முன்னறையே பட்டறை என்றால் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதிகமாகப் புகை பட்டு, 4 முதல் 10 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நெஞ்சிறுக்கம், இருமல் வந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விடவேண்டாம். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68. பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபெனாக் தினம் இரண்டு. சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கிரியாட்டினின் 0.9லிருந்து 3.1 ஆகிவிட்டது. எந்த மாத்திரை செய்த வேலை? (வாசகி, மேலூர்)

பதில்: ஒன்றல்ல, மூன்றும் கூட்டாகச் செய்தது, வயிற்றுப்போக்கு அதை முடித்துவைத்தது. வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் விரிந்திருக்க உதவுவது உடம்பே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத் தடுப்பதால் உள்ளே வரும் வழி சுருங்குகிறது. வெளியே போகும் குழாயை டெல்மிசார்டன் விரிக்கிறது. நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு ரத்தத்தின் அளவையே குறைக்கிறது. வரத்து குறைந்து, வெளியேறும் வழி அகன்றுவிட்டால் வடிகட்டுவதற்கான அழுத்தம் எங்கிருந்து வரும்? தனித்தனியாக மூன்றும் நல்ல மருந்துதான். சேர்ந்த முதல் மாதத்தில்தான் ஆபத்து மிக அதிகம்.

இனி வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில், இந்த வயதில் நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். கடையில் கொடுக்கும் கலவை மாத்திரைக்குள் ஏற்கெனவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். ஆனால் இப்போதைக்கு அதுவும் டாக்டர் சொன்ன பிறகே. வலி ஊசியும் இதே வகைதான். "ஊசிதானே போட்டேன், மாத்திரை சாப்பிடவில்லையே" என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் பதில்.

வாந்தியோ பேதியோ வந்த நாளில் வலி மாத்திரையை உடனே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிப்ளோசின் ஆகியவற்றை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஓரிரு நாளில் மறுபடி தொடங்குவது பொதுவான முறை. இதய பலவீனம் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர் தண்ணீர், சின்னது என்றால் 200 மில்லி. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு. எட்டு மணி நேரமாக யூரின் போகவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கோ கிளம்புங்கள்.

கேள்வி: டி.பி. மாத்திரை ஆரம்பித்த அன்றே யூரின் ஆரஞ்சு நிறம். கிட்னி போய்விட்டதா? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: இல்லை. ரிஃபாம்பிசின் சாயம் அது. வியர்வை, கண்ணீர் எல்லாம் அப்படித்தான் வரும், வெள்ளைச் சட்டையின் அக்குள் கறையாகும். கண் மஞ்சளாகி, குமட்டலோடு யூரின் பால் இல்லாத டீ நிறத்தில் வந்தால் அது வேறு, ஈரலைப் பார்க்கவேண்டும். கிட்னிக்கு ஆபத்து வருவது இந்த மருந்தை இடையில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்போது. விட்ட காலத்தில் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்புப் பொருள் தயாரித்து வைத்திருந்தால், திரும்பப் போட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், வாந்தி, இடுப்புவலி வந்து யூரின் குறையும். எனவே நாள் தவறினால், டி.பி. சிகிச்சை மையத்தில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

கேள்வி: மாமாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். விக்கல் நிற்காததால் பேக்லோஃபென் 10 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்தார்கள். மறுநாள் ஆள் தூங்கி வழிகிறார், உளறுகிறார். (வாசகர், திருமங்கலம்)

பதில்: அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காதீர்கள், இன்றே கொண்டுபோங்கள். பேக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ஓரிரு மாத்திரையே மூளையை மந்தமாக்கி, மூச்சையும் தளர்த்திவிடும். டயாலிசிஸ் செய்தால் மருந்து வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடுவார். கால் எரிச்சலுக்குத் தரும் பிரீகாபாலின், காபாபென்டினும் இதே கதை. கை திடீரென்று வெட்டி, பிடித்த டம்ளர் விழுவது ஒரு அறிகுறி.

விக்கல் தொடங்குவதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். கொடைக்கானல், அழகர்கோயில் போய்வருகிறவர்கள் வாங்கி வரும் ஸ்டார் ஃப்ரூட்டில் கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அரைப் பழமே விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையும் எடுக்கலாம். அதற்கும் உடனடி டயாலிசிஸ்தான்.

கேள்வி: பெட்டியில் முகவரி இல்லாத வெள்ளை க்ரீம் நாலு மாதம் போட்டேன். முகம் நன்றாக வெளுத்தது. இப்போது கால் வீக்கம், யூரின் நுரை. (வாசகி, செல்லூர்)

பதில்: க்ரீமை நிறுத்துங்கள், டப்பாவை எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாதரசம் தோலில் நிறம் உண்டாகும் வேலையைத் தடுக்கும், அதனால்தான் அந்த வேகத்தில் வெளுப்பு. அது உள்ளே போய் வடிகட்டிச் சவ்வில் மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோயை உண்டாக்கும். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023ல் இப்படித் தொடர்ச்சியாக நோயாளிகள் வந்தார்கள், பலருக்கு பயாப்ஸியில் நெல்-1 என்ற புரதம் தென்பட்டது. பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடமும் இதையே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கண்டார்கள். யூரின் புரதம், ரத்த ஆல்புமின், ரத்தத்திலும் யூரினிலும் பாதரசம் பார்க்கவேண்டும். நிறுத்தினாலே பலருக்குச் சில மாதங்களில் புரத ஒழுக்கு குறையும். நிறுத்தியதும் முகம் கறுக்கும். அதைப் பொறுக்காமல் திரும்பப் பூசுகிறவர்கள்தான் மறுபடி வீக்கத்தோடு வருகிறார்கள். டப்பாவில் "வெள்ளி, தங்கம், அலுமினியம் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று இருந்தாலோ, பாதரசத்தைக் குறிக்கும் கலோமல், மெர்குரிக் என்ற சொல் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். தலையணை உறை, துண்டு இவற்றைத் தனியாகத் துவையுங்கள். குழந்தை உங்கள் பக்கத்தில் படுத்தால் அதற்கும் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: குடல்பூச்சிக்கும் அரிப்புக்கும் ஆடுதீண்டாப்பாளைக் கஷாயம் பாட்டி சொன்னபடி மாதக்கணக்கில் குடித்திருக்கிறேன். இலைதானே, பரவாயில்லையா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலி என்கிற கருடக்கொடியும் ஒரே குடும்பம், இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மருந்தில் ஒரு வேருக்குப் பதில் இந்தக் குடும்பத்து வேர் கலந்துவிட்டது, பல பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போனது. இந்த நோயில் கால் வீங்காது, யூரினில் புரதம் கொஞ்சமே வரும், ரத்தசோகை மட்டும் முந்திக்கொண்டு தெரியும். ஆகவே வழக்கமான யூரின் பரிசோதனை போதாது. கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரக அளவு காட்டும் ஸ்கேன் மூன்றும் எடுங்கள். இதே அமிலம் மரபணுவில் ஒட்டிக்கொண்டு, குடிப்பதை நிறுத்திப் பல வருடம் கழித்தும் சிறுநீர்க்குழாயிலும் பையிலும் புற்றுநோயை உண்டாக்கும். வலியில்லாமல் ஒரே ஒரு தடவை யூரினில் ரத்தம் வந்தாலும் யூராலஜி டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பூச்சிக்கு ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை பொதுவாகப் போதும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கஷாயம் எந்த வருடம், எத்தனை மாதம் குடித்தீர்கள் என்பதை எழுதி, ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.