மருத்துவர் பதில்கள்: ரத்தத்தில் தெரியும் நரம்பின் சேதம்

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.; உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்). புதிய மருந்து தொடங்கும் முன் நியூரோஃபிலமென்ட் ரத்தப் பரிசோதனையில் 9 என்றிருந்த அளவு, ஆறு வாரங்களுக்குப் பின் 16 என்று வந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? இனி எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பதில் இதுவே போதுமா?

பதில்: நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்பது நரம்பிழைகளுக்குள் சட்டகம்போல் நின்று அவற்றைத் தாங்கும் புரதம். இழை சேதமடையும்போது அது மூளைத் தண்டுவட நீரில் கசிந்து, மிகச் சொற்பமாக ரத்தத்திலும் கலக்கிறது. உங்கள் அறிக்கையிலுள்ள எண் பிகோகிராம் கணக்கு. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு.

ஆறு வாரம் என்பது அவசரத் தீர்ப்பு. இடையில் நோய்த் தாக்குதல் ஒன்று வந்திருந்தால் உயர்ந்த அளவு தணியச் சில மாதங்கள் பிடிக்கும். மருந்தின் பலனும் உடனே எண்ணில் தெரிந்துவிடாது. தலையில் அடிபட்டிருந்தாலோ சிறுநீரகம் பழுதுற்றிருந்தாலோ எம்.எஸ்ஸுக்குத் தொடர்பின்றியே அளவு கூடும். வயது ஏற ஏற இயல்பாகவே அது உயரும். உடல் பருமன் மிகுந்தவர்களிடம் குறைந்து காணப்படும். இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகைக் கருவியில் அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள். வெவ்வேறு கருவிகள் தரும் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது.

ஸ்கேனுக்கு இது மாற்றன்று. எங்கோ நரம்பு சேதமாகிறது என்று இந்தப் புரதம் சொல்லும். மூளையிலா, தண்டுவடத்திலா, எந்த இடத்தில் என்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும். ஜி.எஃப்.ஏ.பி. என்ற மற்றொரு புரதம், தாக்குதல் ஏதுமின்றி மெல்ல முற்றும் நோயைக் கணிக்க உதவக்கூடும் என்ற நம்பிக்கையோடு ஆராயப்படுகிறது.

இவற்றைவிடப் பெயர் பெறாத ரத்தப் பரிசோதனைகளே இன்று சிகிச்சையை வழிநடத்துகின்றன என்பேன். எம்.எஸ். மருந்துகளில் நடலிசுமாப் பெறுவோருக்கு ஜே.சி. வைரஸ் எதிர்ப்பொருள் (மூளையைத் தாக்கக்கூடிய ஒரு வைரஸ் உடலில் தொற்றியிருப்பதன் அடையாளம்), ஃபிங்கோலிமோடுக்கு லிம்போசைட் (வெள்ளணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை, ஓக்ரெலிசுமாபுக்கு இம்யூனோகுளோபுலின் (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) அளவு ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பது கட்டாயம். தங்கையின் மருந்துக்கு உரியதைத் தவறவிடாதீர்கள்.

16 என்ற எண்ணுக்கு அஞ்சி மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நடலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்றவற்றைத் திடீரென விட்டால், அடங்கியிருந்த நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். சில மாதங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் அளந்து, ஸ்கேனோடு சேர்த்து உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.