எலிக்குக் குறைந்த வலி நமக்கு ஏன் குறைவதில்லை?

வாசகர் கேள்வி: இடுப்பில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் நரம்பு வலி மூன்று வருடமாக இருக்கிறது. வலிக்குப் புது மருந்து வந்துவிட்டதாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அது கைக்கு வரும்வரை இப்போதைய மாத்திரையை நிறுத்திவைக்கலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ப்ரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், பதற்றம் வரும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான்.

இத்தனை ஆராய்ச்சி நடந்தும் மருந்து ஏன் வருவதில்லை? ஆய்வகத்தில் வலியை அளக்கும் விதத்தைப் பாருங்கள். கம்பிவலைத் தரை போட்ட கூண்டில் எலி நிற்கும். கீழிருந்து நைலான் இழையால் பாதத்தில் குத்துவார்கள். எவ்வளவு தடித்த இழைக்குக் காலை வெடுக்கென்று இழுக்கிறது என்பதுதான் கணக்கு. உங்களுக்கு வருவதோ யாரும் தொடாமலே நடுராத்திரியில் எழுப்பிவிடும் எரிச்சல். அதை எலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பல காலம் ஆண் எலிகளையே சோதித்தார்கள் என்பது வேறு. நாள்பட்ட வலியில் அதிகம் அவதிப்படுவது பெண்கள்.

வலிச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி'யைத் தடுத்தால் போதும் என்று 1990களில் பெரிய நம்பிக்கை இருந்தது. விலங்குகளில் பலித்தது, மனிதரில் இல்லை. அந்த வகையில் வந்த அப்ரெபிடன்ட், 2003இல் புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்திக்கு மருந்தானது!

நீங்கள் படித்த செய்தி சுசெட்ரிஜின் என்ற புது வலி மருந்து பற்றியதாக இருக்கலாம். அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதித்தது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் வருவதுபோன்ற திடீர் வலிக்கு மட்டும். உங்களுடையது போன்ற கால் நரம்பு வலியிலும் 12 வாரம் சோதித்தார்கள். பத்துக்கு இத்தனை என்று நோயாளிகள் போட்ட வலி மதிப்பெண், மருந்து எடுத்தவர்களுக்கு சுமார் 2.02 குறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 1.98 குறைந்துவிட்டது! அந்த நிவாரணம் பொய்யல்ல, நம்பிக்கையும் கவனிப்பும் வலியை உண்மையாகவே குறைக்கும். ஆனால் மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

அதனால் அடுத்த செய்தி வரும்போது, சோதித்தது எலியிலா மனிதரிலா, எந்த வலிக்கு, எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டு என்று பாருங்கள். அப்புறம், ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று குறித்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று முடிவெடுக்க வெறும் 'வலிக்குது' என்ற சொல்லைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.