கொப்பியைத் திறக்கப் பயமாக இருக்கிறது

உளவளத்துணையாளருக்கு வணக்கம்.

எனக்கு வயது 46. சுன்னாகத்துக்குக் கிட்ட அப்பா தொடங்கிய பேக்கரியை நடத்துகிறேன். விறகுப் போறணை. 1995 இடம்பெயர்வில் அப்படியே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது போறணை இடிந்து கிடந்தது. அப்பா கல்லுக் கல்லாகத் திரும்பக் கட்டினார். அதனால்தான் இதை விட மனம் வரவில்லை.

கடன் 2022 இல் தொடங்கியது. மா விலை ஏறி, கரண்டும் டீசலும் இல்லாமல் நின்ற காலம். இப்போது வங்கிக்கு 12 இலட்சம். வெளியில் மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்கு 5 இலட்சம். மனிசியின் காப்பு இரண்டும் அடகில். மீட்டுவிட்டேன் என்று அவவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மாக்கடைக்கு 4 இலட்சம் அளவில் இருக்கும். அளவில்தான், சரியாகத் தெரியாது. கணக்குக் கொப்பியைத் திறந்து எட்டு மாதம். கனடாவில் இருக்கும் தம்பியும் காசு அனுப்பினவன். அவன் போன் எடுத்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஒரு நாளைக்கு 50 கிலோ மாவில் 160 இறாத்தல் பாண் போடுகிறேன். கடைகளுக்கு 105 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். மா, ஈஸ்ட், மாஜரின், விறகு எல்லாம் சேர்த்து ஒரு இறாத்தலுக்கு 75 முடியும். 25 அளவில் திரும்பி வரும். பணிஸ் வேறு. வேலைக்கு மூன்று பேர். பின்னேரம் ஏழரைக்கு மா குழைத்து, விடிய நாலுக்குப் போறணையால் இறக்கி, ஐந்துக்குக் கடைகளுக்குப் போய்விடும். பகலில் படுத்தால் நித்திரை வருவதில்லை. போன மாதம் ஒருநாள் மாவுக்கு உப்புப் போட மறந்து முழுவதும் கொட்ட வேண்டி வந்தது. முப்பது வருசத்தில் அப்படி நடந்ததில்லை. சிலவேளை படுத்து எழும்பாமலே விட்டால் நல்லது போலவும் இருக்கிறது.

பிடித்துக்கொண்டு நிற்பதா, விடுவதா?

வலிகாமம் வாசகர்


அன்பின் சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முன், அதற்கு மேலே எழுதியிருந்த வசனத்துக்கு வருகிறேன். எழும்பாமல் விட்டால் நல்லது என்ற எண்ணம் கடன் நெருக்கும்போது பலருக்கு வருகிறது. அது களைப்பில் வந்து போகும் எண்ணமாக இருக்கலாம், நாளும் முறையும் யோசிக்கிற அளவுக்கு வளர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், அல்லது குடியும் சேர்ந்திருந்தால், கடையை இன்றைக்கு மற்றவர்களிடம் விட்டுவிட்டு யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ போங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கம் 24 மணி நேரமும் வேலை செய்கிறது. நீங்கள் விழித்திருக்கும் நடுச்சாமத்திலும் எடுக்கலாம். முதலாவது என்றாலும் ஒருவருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியே வைத்திருக்கக் கூடிய எண்ணம் அல்ல அது.

இனிக் கொப்பி. அதைத் திறக்காமல் விடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கொஞ்சம் இளகும். அந்த இளகல்தான் வினை. திறக்காவிட்டால் நிம்மதி என்று மனம் பழகிக்கொள்ள, அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். தம்பியின் போனைக் கவிழ்ப்பதும் அதே பழக்கம்தான். உங்களுக்குத் துணிவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயம் எப்போதும் இப்படித்தான் வளரும், குறைவதற்கும் வழி ஒன்றுதான்: சிறிது சிறிதாகக் கிட்டப் போவது.

பின்னேரம் நாலு மணியை எடுங்கள். குளித்து, தேத்தண்ணீர் குடித்து, மா குழைக்க முன்னம் உள்ள நேரம். முதல் நாள் கொப்பியையும் பில்லுகளையும் மேசையில் எடுத்து வைத்தால் போதும். இரண்டாம் நாள் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர்களை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் நாள் தொகை. மாக்கடைத் தொகை தெரியாவிட்டால் கடைக்காரரிடமே கேளுங்கள், அவரிடம் கணக்கு இருக்கும். ஒவ்வொரு நாளும் 20 நிமிடம், கூட வேண்டாம். இருக்கும்போதும் எழும்பும்போதும் பயம் பத்துக்கு எத்தனை என்று ஓரத்தில் குறியுங்கள். முதல் ஐந்தாறு நிமிடத்தில் எட்டு, ஒன்பதுக்கு ஏறும். அந்த உச்சத்தில் எழும்பிவிட்டால் பயம்தான் வென்றதாகும். இருந்தால் இறங்கும். அதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள்.

உப்பு மறந்ததை ஒரு பெரிய குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். நித்திரை கெட்டவனுக்கு முதலில் தவறுவது தினமும் செய்து பழகிய வேலைதான், ஏனென்றால் அதில் கவனம் வைப்பதில்லை. உப்பில்லாத மா கையில் ஒட்டும், அவசரமாகப் பொங்கும். நல்ல விழிப்பில் இருந்திருந்தால் உங்கள் கை அதைப் பிசையும்போதே கண்டுபிடித்திருக்கும். நாலு மணிக்கே, 50 கிலோவுக்கு நீங்கள் போடும் உப்பை (ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்) நிறுத்து ஒரு பையில் கட்டி மா மூட்டைக்கு மேல் வைத்துவிடுங்கள். பை கிடந்தால் உப்புப் போடவில்லை. நித்திரைக்கு: காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை என்று வைத்து, கடை பூட்டும் நாளிலும் அதை மாற்றாதீர்கள். யன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி போடுங்கள், போன் மற்ற அறையில் இருக்கட்டும், கடைசித் தேத்தண்ணீர் விடிய இரண்டு மணிக்கு முன். இருபது நிமிடமாகியும் நித்திரை வராவிட்டால் எழும்பி வெளியே இருங்கள். பாயில் கிடந்து கடனை எண்ணினால் பாயைக் கண்டாலே கடன் ஞாபகம் வரும்.

அடுத்தது உங்கள் 25 பாண். இதில்தான் அதிகம் நிற்க விரும்புகிறேன். 160 உம் விற்றால் இறாத்தலுக்கு 30 ரூபாய்ப்படி 4,800 மிஞ்சும். 25 திரும்பினால் 135 க்குக் காசு 14,175, செலவு 12,000. மிச்சம் 2,175 தான். பாதிக்கு மேல் திரும்பி வந்த பெட்டியில் போய்விட்டது. 140 போட்டு 8 திரும்புகிறது என்று வையுங்கள். 132 க்கு 13,860, செலவு 10,500. போறணைக்கு விறகு அதே அளவுதான் போகும் என்று 160 ரூபாயைக் கழித்தாலும் 3,200 நிற்கும். குறைத்துப் போட்டு நாளுக்கு ஆயிரம் ரூபாய் கூட. மாதம் 30,000. வெளிக்கடன் வட்டி 15,000 ஐக் கட்டி, முதலிலும் 15,000 குறைக்கலாம்.

இவ்வளவு காலமும் ஏன் குறைக்கவில்லை? கடைக்காரருக்குத் திருப்பித் தருவதில் நட்டம் இல்லை, அதனால் 20 கேட்பார், 14 விற்பார். ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள். பெட்டி குறைந்தால் ‘ஆள் விழுந்திட்டார்’ என்று சனம் சொல்லும் என்ற கூச்சம். பாண் எண்ணிக்கை மானக் கணக்காகிவிட்டால் வியாபாரக் கணக்கு கண்ணில் படாது. இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு கடைக்கும் கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை, பாண் போய்ச் சேர்ந்த நேரம் என்ன என்று எழுதுங்கள். ஆறரைக்குப் பிந்திப் போகும் கடைகளில்தான் கூடத் திரும்புகிறதா என்று பாருங்கள். அதற்குள் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்து போயிருக்கும். அப்படியென்றால் எண்ணிக்கையைக் குறைப்பதிலும் பார்க்கப் போகும் பாதையை மாற்றுவது நல்லது. துண்டு வெட்டும்போது தராசில் வையுங்கள். 450 கிராம் பாணுக்குக் குழைத்த மா 510 கிராம் அளவில் போதும். கை மதிப்பில் 530 ஆனால் நாளுக்கு ஆறு பாணுக்கான மா வீண். நிறையைக் குறைக்க மட்டும் போகாதீர்கள். வாங்குகிற சனம் கையில் தூக்கியே கண்டுபிடித்துவிடும்.

கடனில், கூடச் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மாக்கடைக்குத் திகதி போட்ட காசோலை கொடுத்திருந்தால் அது முதல், ஏனென்றால் அது திரும்பினால் நாளைக்கு மா இல்லை. பிறகு 3 வட்டி, வருடத்துக்கு 36 வீதம் அது. வங்கிக்குத் தவணை தவறமுன் போங்கள். சரிந்த தொழில்களை மீட்க ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கும்படி 2024 இல் மத்திய வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பிரிவைக் கேட்டு, தவணைக் காலத்தை நீட்ட விண்ணப்பியுங்கள். வெறுங்கையோடு போய் மன்றாடுவதைவிட, அந்த இரண்டு கிழமைக் கணக்கோடு போனால் உங்கள் பேச்சுக்கு நிலம் இருக்கும்.

காப்பு விசயத்தை மனைவிக்கு நீங்களே சொல்லுங்கள், வேறு வாயால் அவ கேட்க முன்னம். சமையல் நேரத்தில் வேண்டாம், பிள்ளைகளுக்கு முன்னாலும் வேண்டாம். ‘இஞ்சாரும், காப்பு மீட்கேல்லை. பொய் சொல்லிப்போட்டன். இதுதான் முழுக் கணக்கு’ என்று கொப்பியை முன்னால் வையுங்கள். அவ கோபிப்பா, அழுவா. அந்த நேரம் நியாயம் சொல்ல வேண்டாம், இருந்து கேளுங்கள். தொகை எழுதி முடிந்த நாளைக்குப் பிறகு சொன்னால் நல்லது. அரைக்கணக்குச் சொல்லி, பிறகு இன்னொன்று வெளியில் வந்தால் இரண்டாம் முறை நம்புவது அவவுக்குக் கஷ்டம். தம்பிக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும்: எவ்வளவு கடன், என்ன செய்கிறேன், இப்போது தர ஏலாது. திகதி எதுவும் சொல்லாதீர்கள்.

நிற்பதா விடுவதா என்ற கேள்விக்கு இன்றைக்குப் பதில் தேடாதீர்கள். நித்திரையில்லாமல், கடன் எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் பயத்தின் முடிவாகத்தான் இருக்கும். 90 நாள் கழித்து வரும் ஒரு திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். அதுவரை புதிதாக வட்டிக்குக் காசு எடுப்பதில்லை. அன்றைக்கு மூன்றைப் பாருங்கள்: சம்பளமும் வட்டியும் போக மாதம் ஏதாவது மிஞ்சுகிறதா, 5 இலட்சம் குறைந்திருக்கிறதா, நீங்கள் ஐந்து மணி நேரம் நித்திரை கொள்கிறீர்களா. மூன்றும் ஓம் என்றால் நில்லுங்கள். சம்பளம் கொடுக்கவே கடன் வாங்க வேண்டிய மாதம் அடுத்தடுத்து இரண்டு வந்தால், 90 நாளுக்குக் காத்திராமல் சுருக்குங்கள். சுருக்குவது என்றால் கதவைப் பூட்டுவதுதான் என்றில்லை. பாணை விட்டுப் பணிசோடும் கலியாண வீட்டு ஓடர்களோடும் நிற்கலாம், இரவில் போறணையை வாடகைக்கு விடலாம். அப்பா கட்டிய போறணை அப்போதும் உங்களுடையதுதான்.

இரண்டு கிழமை கழித்து, திரும்பிய பாண் கணக்கோடு எழுதுங்கள். பயத்துக்குப் போட்ட இலக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.