கிரனடாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஸ்பெயினின் கிரனடா நகரத்துக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். அல்ஹம்ப்ரா அரண்மனைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், பிழையில்லை, பார்க்க வேண்டிய இடம். ஆனால் பாதிப் பேர் "இதை வாங்கலாமா?" என்று கேட்கவில்லை, "வாங்கிவிட்டேன், சரிதானே?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து பணம் கொடுக்கும் முன்பு எழுதுங்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஏப்ரலில் போகிறோம். ஸ்பெயின் வெயில் நாடு என்கிறார் நண்பர். கடைக்காரரோ மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஜாக்கெட் எடுங்கள் என்கிறார், ஒன்று 9,000 ரூபாய். யாரை நம்புவது? (கோவை)

இரண்டு பேரையுமே நம்ப வேண்டாம். கிரனடா கடற்கரை ஊர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே, சியர்ரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்தத் தொடரின் உச்சியான முலாசென் 3,479 மீட்டர். ஏப்ரலில் அல்ஹம்ப்ராவில் நின்று பார்த்தால் மலைமேல் பனி தெரியும். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், விடியற்காலையில் 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும், இடையில் மழையும் வரலாம். அதனால் பருத்திச் சட்டை, அதன்மேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் லேசான ஜாக்கெட், இப்படி அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி எடுத்துப் போங்கள். இரண்டு ஜோடி நல்ல சாக்ஸ் கூடுதலாக வையுங்கள், பழைய வீடுகளில் தரையெல்லாம் ஓடு, காலையில் சில்லென்று இருக்கும். மலைமேல் பனிச்சறுக்கு விளையாடப் போவதில்லை என்றால் அந்த 9,000 ரூபாய் ஜாக்கெட் வீண்.

நாங்கள் ஜூலையில் போகிறோம். லினன் உடைகள் வாங்கலாமா? (சென்னை)

வாங்கலாம், ஆனால் மதியம் 2 மணியிலிருந்து 6 மணி வரை வெயிலில் அலைந்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது. அகலமான தொப்பியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் முக்கியம். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

யுனிவர்சல் அடாப்டர், வோல்டேஜ் கன்வர்ட்டர் இரண்டும் இல்லாமல் ஐரோப்பாவில் போன் சார்ஜ் ஆகாது, வெடித்தாலும் வெடிக்கும் என்று சொல்லி 4,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இப்போது மகன் தேவையே இல்லை என்கிறான். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறது கடை. (திருச்சி, 68 வயது)

ஐயா, மகன் சொல்வதுதான் சரி. ஸ்பெயினில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவதும் அதேதான். கன்வர்ட்டருக்கு அங்கே வேலையே கிடையாது. நம்முடைய இரண்டு உருண்டைக் கம்பி போன் சார்ஜர் பெரும்பாலும் அங்குள்ள சாக்கெட்டில் நேராகவே போய்விடும். மடிக்கணினியின் மூன்று கம்பி ப்ளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும், அது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

இல்லாத தேவையை இருப்பதாகச் சொல்லிப் பொருளை விற்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் பில்லோடு கடைக்குப் போய், "இந்த நாட்டுக்கு இது தேவை என்று சொல்லித்தானே விற்றீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வயதானவர்களைப் பயமுறுத்தி விற்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

பெட்டி வாங்கினேன்: 28 அங்குலம், நான்கு சக்கரம், பாலிகார்பனேட், 5 வருட சர்வதேச வாரண்டி. தங்குவது அல்பைசீன் பகுதியில். நல்ல தேர்வுதானே? (பெங்களூரு)

இல்லை. அல்பைசீன் என்பது அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க் குன்றில் இருக்கும் பழைய முஸ்லிம் குடியிருப்பு. யுனெஸ்கோ பட்டியலில் 1984-ல் அல்ஹம்ப்ரா சேர்ந்தது, 1994-ல் இதுவும் சேர்ந்தது. அந்தப் பழைய அமைப்பு கலையாமல் இருப்பதால்தான் அதைப் பார்க்கப் போகிறோம். அப்படியென்றால் தெருக்களும் பழையபடிதான்: கூழாங்கற்களைச் செருகிப் பாவிய தரை, செங்குத்தான ஏற்றம், நடுநடுவே படிகள். பல சந்துகளுக்குள் கார் நுழையாது. டாக்சி ஒரு சதுக்கத்தில் இறக்கிவிடும், மிச்சத் தூரம் பெட்டி உங்கள் கையில். வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் நான்கு சின்னச் சக்கரங்கள் விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்குச் சரி. கூழாங்கல் இடுக்கில் ஒவ்வொரு அடிக்கும் மாட்டும், ஒரு பக்கமாக இழுபடும், கடைசியில் அச்சு முறியும். 23 கிலோவோடு அந்த ஏற்றத்தில் என்ன செய்வீர்கள்? 22 அல்லது 24 அங்குலத்தில், பெட்டியோடு பதிந்திருக்கும் இரண்டு பெரிய ரப்பர் சக்கரம் உள்ளதை எடுங்கள். இல்லையென்றால் முதுகில் மாட்டும் பை.

அப்புறம் அந்த "5 வருட சர்வதேச வாரண்டி". இதைப் பற்றி நான் எழுதாத வருடமில்லை, இன்னும் எழுதுவேன். வாரண்டி அட்டையைப் பிரித்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பல அட்டைகளில் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான் பொறுப்பு. சக்கரம், கைப்பிடி, ஜிப் ஆகியவை "சாதாரணத் தேய்மானம்", விமானத்தில் உடைந்தால் "கையாள்வதில் ஏற்பட்ட சேதம்". ஒரு பெட்டியில் உடையக்கூடியதே சக்கரமும் கைப்பிடியும் ஜிப்பும்தான்! அவற்றைக் கழித்துவிட்டால் வாரண்டி எதற்கு? நான் வாங்கிய பெட்டி ஒன்றில் முதல் வெளியூர்ப் பயணத்திலேயே சக்கரம் கழன்றது. சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்குச் சக்கரம் வருவதில்லை என்று சொல்லி, புதுப் பெட்டிக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் கீறல்கூட இல்லாத பெட்டி, ஒரு சக்கரத்துக்காகக் குப்பைக்குப் போனது. இது வாங்குகிறவரின் பணத்துக்கும் கேடு, ஊருக்கும் கேடு. அதனால் கடையிலேயே உள் லைனிங் ஜிப்பைத் திறந்து, சக்கரம் திருகாணியால் பொருத்தியிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். திருகாணி என்றால் மாற்றலாம். உதிரிச் சக்கரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

விமானத்தில் போட்ட பெட்டி உடைந்து வந்தால், பெட்டி எடுக்கும் ஹாலைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், பெட்டி தாமதமாக வந்தால் வந்த 21 நாளுக்குள், விமான நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். இது மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி, இந்தியாவும் ஸ்பெயினும் அதில் இருக்கின்றன. "சக்கரத்துக்கெல்லாம் தர மாட்டோம்" என்று கவுன்டரில் வாயால் சொன்னால் விட்டுவிட்டு வராதீர்கள், எழுதி வாங்குங்கள்.

ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் "ஒரிஜினல், 80% தள்ளுபடி" என்று பயணத்துக்காக ஷூ வாங்கினேன். நாலாம் நாள் அடிப்பாகம் பிரிந்துவிட்டது. பில் இல்லை, முகவரி இல்லை, இப்போது அந்தப் பக்கமும் இல்லை. என்ன செய்யலாம்? (மதுரை)

பில் இல்லை, முகவரி இல்லை என்பது பணம் அனுப்பும்போதே தெரியும் அல்லவா? போன மாதமும் இதே கடிதம் வேறொருவரிடமிருந்து வந்தது. பணம் அனுப்பிய விவரத்தோடு 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே புகார் கொடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும்.

அடுத்த ஷூவை நேரில் போய், சாயங்காலத்தில், சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் வேண்டும். அல்பைசீன் கற்கள் மிதிபட்டு மழுங்கியவை, மழை பெய்தால் வழுக்கும், தோல் அடிப்பாகம் ஆகவே ஆகாது. குறைந்தது இரண்டு வாரம் உள்ளூரில் போட்டு நடந்து பழகிவிட்டு எடுத்துப் போங்கள்.

அப்பா அம்மாவை ஒரு டூர் நிறுவனம் மூலம் அனுப்பினேன். "அல்ஹம்ப்ரா டிக்கெட் உட்பட" என்று விளம்பரத்தில் இருந்தது. அங்கே போனபின் உள் அரண்மனைகளுக்கு விடவில்லை, தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். (சேலம்)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், இது அவர் கவனக்குறைவு இல்லை, விற்றவர் செய்த வேலை. அல்ஹம்ப்ராவுக்கு ஒரே டிக்கெட் கிடையாது. பொது டிக்கெட்டில் நீங்கள் சொல்லும் உள் அரண்மனைகளான நாஸ்ரித் அரண்மனைகளும் சேரும். சிங்க முற்றமும் சுதையில் நெய்த மாதிரியான சுவர் வேலைப்பாடும் அங்கேதான் இருக்கின்றன. விலை குறைந்த தோட்ட டிக்கெட்டில் ஹெனரலீஃபே, பார்தால் தோட்டங்களும் அல்கசாபா கோட்டையும்தான், அந்த அரண்மனைகள் சேராது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு "அல்ஹம்ப்ரா உட்பட" என்று விற்பது வார்த்தையில் பொய் இல்லாத மாதிரி ஏமாற்றுவது.

விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, டிக்கெட் நகல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

மற்றவர்கள் கவனிக்க: பாக்கிப் பணம் கட்டும் முன் டிக்கெட்டை அனுப்பச் சொல்லுங்கள். அதில் "பலாசியோஸ் நசரியெஸ்" (நாஸ்ரித் அரண்மனைகள்) என்ற பெயரும் நுழையும் நேரமும் இருக்க வேண்டும், அந்த நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் ஆள் பெயரில் வருவதால் அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், ஹோட்டல் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை, சின்ன முதுகுப் பையையும் முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், அதனால் தோளில் குறுக்கே போடும் சின்னப் பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சுத்த சைவம். பொடி, ஊறுகாய், நெய், பால்கோவா, கறிவேப்பிலை, சின்ன குக்கர், எல்லாம் எடுத்துப் போகலாமா? (விருதுநகர்)

பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக. ஊறுகாயை இரண்டு உறை போட்டு, விமானத்தில் போடும் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை, பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் அதுவும் வேண்டாம். சமையலறை உள்ள வீடு எடுத்திருந்தால் குக்கர் தேவையில்லை, அரிசியும் பருப்பும் தயிரும் அங்கே சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கிரனடாவில் குளிர்பானமோ பியரோ வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டு இலவசமாக வரும், அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சியோ மீனோ இருக்கும். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் சூரை மீனைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இறைச்சி, ஹாம் (பன்றித் தொடை இறைச்சி), மீன், மூன்றும் வேண்டாம் என்று ஸ்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றை மாமியாரின் கைப்பையில் போட்டுவிடுங்கள்.

கார்டு தேய்க்கும்போது ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா என்று மெஷின் கேட்குமாமே? (ஓசூர்)

யூரோ. எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார், அது உங்களுக்கு நஷ்டம்.

கதீட்ரல் பக்கம் பெண்கள் கையில் ஒரு செடிக் குச்சியைத் திணித்துப் பணம் பறிப்பார்களாம். அதற்காக 1,800 ரூபாய்க்குப் பணம் வைக்கும் பாதுகாப்பு பெல்ட் வாங்கச் சொல்கிறார்கள். (புதுச்சேரி)

அது ரோஸ்மேரிக் கிளை. கையில் வாங்கினால் உடனே கைரேகை பார்த்துக் காசு கேட்பார்கள். வாங்காமல் நடந்துகொண்டே இருங்கள், பெல்ட் வேண்டாம்.

நினைவுப் பொருள் வாங்கப் பெட்டியில் இடம் விடலாமா? எது உண்மையான உள்ளூர்ப் பொருள்? (ஈரோடு)

விடுங்கள். கிரனடாவின் கைவேலை என்றால் தராசெயா, அதாவது மரத்தில் வேறு நிற மரத்துண்டும் எலும்பும் பதித்துச் செய்யும் பெட்டிகள். கதீட்ரலை ஒட்டிய அல்கைசேரியா சந்தையில் இந்தப் பெயரில் குவிந்து கிடக்கும், ஆனால் அங்கே நிறைய மேலே அச்சிட்டு ஒட்டியவை. (அந்தச் சந்தை முன்பு பட்டுச் சந்தையாக இருந்தது, 1843-ல் எரிந்துபோனபின் திரும்பக் கட்டியது.) மூலையிலும் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள்: அச்சு என்றால் தாள் மாதிரி ஓரம் தூக்கும், எல்லாத் துண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் குவெஸ்தா தெ கொமேரெஸ் தெருவில் செய்பவர்களையே பார்த்து வாங்கலாம், விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி வரியைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ஸ்பெயினில் இதற்கு இவ்வளவுக்காவது வாங்கியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. திரும்பும் நாளில் விமான நிலைய இயந்திரத்தில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், அதுவும் பெட்டியைச் செக்-இன் கவுன்டரில் போடும் முன்பே, ஏனென்றால் பொருளைக் காட்டச் சொன்னால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.