பரணில் வைக்காதீர்கள்: வீட்டு சர்வர் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருநகரில் இருக்கிறேன். குடும்பத்தில் நான்கு பேர் போனிலும் உள்ள படங்கள், பட்டா, பத்திரம், இன்சூரன்ஸ் காகிதங்கள் எல்லாவற்றையும் மாதா மாதம் பணம் கட்டாமல் வீட்டிலேயே ஒரு பெட்டியில் வைக்க ஆசை. பெங்களூரில் இருக்கும் மகன், “வாங்கி வையுங்கப்பா, மற்றதை நான் இங்கிருந்து பார்த்துக்கிறேன்” என்கிறான். புதிதாக வாங்குவதா, பழையதே போதுமா?

பதில்: பழையதே போதும் ஐயா. இரவு பகலாக ஓடி, வீட்டில் எல்லோருக்கும் கோப்புகளை எடுத்துத் தரும் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறோம். கம்பெனிகளில் சில வருடம் ஓடி வெளியே வரும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலீட்டெஸ்க் மினி. தடித்த அகராதி அளவுதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத பெட்டிகளுக்கு அலுவலகங்களில் அதன்பின் மதிப்பில்லை. நீங்கள் போடப்போவது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அதனால் உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இருந்தாலும் இன்டெல் ஐ5-8500டி போன்ற 8-ஆம் தலைமுறை சிப் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆறு கோர், 35 வாட். நாலு பேர் படத்துக்குத் தாராளம். ரேம் 8 ஜிபி இருந்தால் ஆரம்பிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டவர் கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கரண்ட் கணக்கைப் பாருங்கள். சின்னப் பெட்டி வேலையில்லாத நேரத்தில் 10 வாட் அளவில் இழுக்கும். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள் அடங்கும். பழைய டவர் 60 வாட் இழுத்தால் அதுவே 86 யூனிட். இலவச யூனிட்டில் பெரிய பங்கை அது ஒன்றே தின்றுவிடும்.

ஆன்லைனில் கொஞ்சம் விலை குறைந்தாலும், மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடைக்கு நேரில் போய், ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதையே சொல்வேன். பெட்டியை ஆன் செய்து, அதன் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். டெல் பெட்டியாக இருந்தால் அடாப்டர் ஒரிஜினல்தானா என்று பாருங்கள். அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும், சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆமையாக ஓடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். ‘பில் இல்லாமல் என்றால் ஐநூறு குறைச்சுக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை உண்டு. மேலூர் உறவினருக்காக நான் வாங்கிக் கொடுத்த பெட்டியைத் திறந்து சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கைக் கழற்றியபோது, அடியிலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து விபூதி மாதிரி உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்ததும், ஓயாமல் இரைந்துகொண்டிருந்த ஃபேன் அடங்கியது. அப்படியே உள்ளே இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பெட்டி தேதியை மறக்கும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆக வேண்டும் என்று நீங்கள் பயாஸில் வைத்த செட்டிங்கையும் மறந்துவிடலாம்.

சாஃப்ட்வேரை மகன் பார்த்துக்கொள்வார். டெபியன் என்ற லினக்ஸ், அதன் மேல் மற்ற சாஃப்ட்வேர்களை ஓட்டும் டாக்கர், படங்களுக்கு இம்மிச், காகிதங்களுக்குப் பேப்பர்லெஸ் என்று ஆரம்பித்தால் போதும். பேப்பர்லெஸ் எழுத்தை அறியப் பயன்படுத்தும் டெசராக்டுக்குத் தமிழும் தெரியும். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து அமைக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அச்சடித்த பட்டாவைத் தேடினால் வந்துவிடும். தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தை அதனால் படிக்க முடியாது. அதற்கு ஊர், சர்வே எண், வருடம் மூன்றையும் தலைப்பில் நீங்களே தட்டிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன், கே.கே.நகர். ரேக்கில் மாட்டும் நிஜ சர்வரே இப்போது மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வேண்டாம் தம்பி. 100 வாட் இழுத்தாலே இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். சத்தமும் வீடு தாங்காது. கற்றுக்கொள்வதற்கு மேலே சொன்ன சின்னப் பெட்டியில் வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் பாவனைக் கம்ப்யூட்டர்) போட்டாலே வேண்டிய மட்டும் கற்கலாம்.

கேள்வி: வாடிப்பட்டியில் இருக்கிறோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. சர்வருக்குத் தனி யுபிஎஸ் தேவையா? குழந்தைகள் கைபடாமல் பெட்டியைப் பரணில் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பரண் மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மா. சித்திரை வைகாசியில் நம் பக்கத்து மொட்டைமாடி பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். பரணில் கையை நீட்டிப் பாருங்கள், அந்த அனல் தெரியும். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். ஹாலில் இடுப்பு உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். டிஸ்க்கின் சூட்டை ஸ்மார்ட்சிடிஎல் என்ற சாஃப்ட்வேர் டிகிரியில் காட்டும். 50-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் சைன்வேவ்தானா, அதாவது வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் அணைந்து எழும். அப்படி நூறு முறை அணைந்தால் ஒருமுறையாவது டேட்டாபேஸ் (படங்கள், காகிதங்கள் பற்றிய விவரமெல்லாம் பதிந்திருக்கும் இடம்) கெடும். அதனால் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றிவிட்டு, அதற்கு மேல் 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள். யுஎஸ்பி வயர் வைத்த மாடலாகக் கேளுங்கள். நட் என்ற இலவச சாஃப்ட்வேர் அந்த வயர் வழியாக பேட்டரி நிலையைப் பார்த்து, தீரப்போகிறது என்றால் சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் நாளில், இன்வெர்ட்டரும் கைவிட்ட பிறகு இதுதான் காப்பாற்றும். ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம்தான் வரும், அதை இப்போதே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் எர்த். பெட்டியின் இரும்பைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறதா? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் காட்டினால் சர்வருக்குமுன் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள்.

ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது ஒருமுறை தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும். யுபிஎஸ்ஸின் பின்பக்க ஓட்டையில் பல்லி நுழையாமல் மெல்லிய வலை ஒட்டுங்கள். உள்ளே போன பல்லியால் போர்டு எரிந்த யுபிஎஸ்ஸை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெளியூரில் இருந்து என் வீட்டு சர்வரைத் திறக்க முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தும் பலனில்லை. (சோழவந்தான்)

பதில்: ரவுட்டருக்குள் போய் வான் ஐபி (WAN IP, இன்டர்நெட் கம்பெனி உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இன்டர்நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம். போர்ட்டைத் திறந்து பயனில்லை. போர்ட்டைத் திறக்காமலே இரண்டையும் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற சாஃப்ட்வேரை சர்வரிலும் போனிலும் போடுங்கள், வீட்டு உபயோகத்துக்கு இலவசம்தான். பொது முகவரி கிடைத்தாலும் போர்ட்டைத் திறந்து போடாமல் இப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: உசிலம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவுக்கு 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே பதிகிற மாதிரி போடப்போகிறேன். கடையில் சிசிடிவி டிஸ்க்தான் ஸ்டாக் இருக்கிறதாம். வாங்கலாமா? இரண்டு டிஸ்க் இருந்தால் பயமில்லைதானே?

பதில்: சிசிடிவி டிஸ்க் 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே செய்தது, தாராளமாக வாங்கலாம். தவிர்க்க வேண்டியது எஸ்எம்ஆர் வகை. நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி அதில் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அக்கம்பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பது போல, ஒரு கோப்பைத் திருத்தினாலும் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதும். பெரிய வீடியோக்களை அழித்து அழித்து எழுதும் உங்களுக்கு அது ஆகாது. மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் பட்டியலில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சின்ன மைக்ரோ பெட்டியில் 3.5 அங்குல டிஸ்க் மாட்ட முடியாது. எஸ்எஃப்எஃப் என்ற கொஞ்சம் பெரிய வகையை எடுத்து, இரண்டு டிஸ்க்குக்கும் இடம் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய அன்றே ஸ்மார்ட்சிடிஎல் போட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கைச் சிலர் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றது தெரியவந்தது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவும் உண்டு, இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஏமாற்றப்பட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கடை மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குத்தான் அந்த பில்.

இனி பயம் பற்றி. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதிவது, ஒரு டிஸ்க் செத்தால் மட்டும்தான் உதவும். கை தவறி ஒரு கல்யாணத்தை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் போய்விடும். மின்னல் இறங்கினாலும் அப்படியே. மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி, ஸ்டுடியோவில் இல்லாமல் வீட்டில் வையுங்கள். பணம் போதவில்லை என்றால் இரட்டைப் பதிவை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

நகலை எடுத்தால் மட்டும் போதாது, திரும்பத் திறந்தும் பார்க்க வேண்டும். என் வீட்டு சர்வரின் எஸ்எஸ்டி டிஸ்க் ஒருநாள் செத்தபோது படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யார் எந்த முகம், எது எந்த விசேஷம் என்ற விவரமெல்லாம் இம்மிச்சின் டேட்டாபேஸில் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வந்திருக்கிறேன். புதுப் பெட்டியில் அது திறக்கவேயில்லை. என் அம்மா பத்து நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, “இது சோழவந்தான் பெரியம்மா, இவர் அவர் மச்சினன்” என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பச் சொன்னார். இம்மிச் டேட்டாபேஸைத் தானே தினமும் முறையாக நகலெடுத்து, படங்கள் இருக்கும் இடத்திலேயே பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரில் வைக்கும். நீங்களும் இம்மிச் போட்டிருந்தால், உங்கள் மூன்றாவது டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதிலிருந்து ஒரு கல்யாணத்தை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, முகூர்த்தக் காட்சி ஓடுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.